காசு கொடுத்து வாங்கும் வரைபட மென்பொருள்: எதற்குக் கொடுக்கிறோம்?

தைப்பூசத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. அண்ணன் மகள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. ஒரு செய்முறைத் திட்டம் கொடுத்திருக்கிறார்கள், தலைப்பை அவளே எடுத்திருக்கிறாள். இங்கே பினாங்கில், லிட்டில் இந்தியாவிலிருந்து தண்ணீர்மலை வரை தைப்பூச வெள்ளி ரதம் போகும் வழியில் இருக்கும் தண்ணீர்ப் பந்தல்களை வரைபடத்தில் குறிக்க வேண்டும். எந்தப் பந்தலுக்கு 200 மீட்டருக்குள் பொதுக் கழிப்பறை இல்லை என்று காட்ட வேண்டும். போன வருஷம் பாட்டியைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனவள் அவள்தான். அதனால் இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை.

"சித்தப்பா, இதுக்குக் காசு கட்டி சாஃப்ட்வேர் வாங்கணுமா, சும்மா கிடைக்கிறதே போதுமா?"

பினாங்கில் நில அளவைக்காரர்களோடும் நகரத் திட்டக்காரர்களோடும் பல வருஷமாக இந்த வரைபடங்களை வைத்துத்தான் எனக்குப் பிழைப்பு. இருந்தும் ஒரு வரியில் பதில் வரவில்லை. அன்று இரண்டு கிளாஸ் தே தாரிக் ஆறிப்போகும் அளவுக்குப் பேசினோம். அதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதலில், இது கூகுள் மேப் இல்லை

கைப்பேசியில் கூகுள் மேப்பைத் திறந்தால் வழி சொல்லும், பக்கத்தில் இருக்கும் நாசி கண்டார் கடையைக் காட்டும். "ரதம் போகும் தெருவிலிருந்து 50 மீட்டருக்குள் இருக்கிற பந்தல்களில் எத்தனைக்குக் கழிப்பறை தூரம்?" என்று கேட்டால் அதற்குத் தெரியாது. இந்த மாதிரிக் கேள்வி கேட்பதற்கென்றே இருப்பதுதான் புவியியல் தகவல் அமைப்பு. இந்த வேலையில் இருப்பவர்கள் ஜிஐஎஸ் என்றுதான் சொல்வோம்.

அதன் சூட்சுமம் படத்தில் இல்லை, படத்துக்குப் பின்னால் இருக்கும் அட்டவணையில் இருக்கிறது. ஒவ்வொரு பந்தலும் வரைபடத்தில் ஒரு புள்ளி, அட்டவணையில் ஒரு வரி. அந்த வரியில் பந்தல் போட்டது யார், கொடுப்பது மோரா சாப்பாடா, எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று நன்கொடை நோட்டில் எழுதுவதுபோல எழுதிக்கொண்டே போகலாம். ரதம் போகும் வழி ஒரு கோடு. கழிப்பறைகள் வேறொரு புள்ளித் தொகுதி. நில மனைகள் பலகோணங்கள். ஒவ்வொரு வகையும் ஒரு லேயர். புள்ளி, கோடு, பலகோணம் இவற்றால் ஆனது வெக்டர். செயற்கைக்கோள் படம், மேடு பள்ளம் காட்டும் உயரத் தரவு போலக் கட்டம் கட்டமாக இருப்பது ராஸ்டர். இப்போதைக்கு இவ்வளவு போதும்.

200 மீட்டர் என்று கொடுத்தால் மென்பொருள் ஒவ்வொரு கழிப்பறையைச் சுற்றியும் ஒரு வட்டம் போட்டுவிடும். அதற்கு பஃபர் என்று பெயர். எந்த வட்டத்துக்குள்ளும் விழாத பந்தல்களைப் பொறுக்கினால் விடை கிடைத்துவிடும். ஆனால் பாட்டி வட்டத்தில் நடப்பதில்லை, தெருவில்தான் நடக்கிறார். நடுவில் ஒரு மதில் சுவரோ பெரிய கால்வாயோ குறுக்கே வந்தால் 200 மீட்டர் 500 ஆகிவிடும். தெருவழியாகத் தூரத்தைக் கணக்குப் போட வேறொரு கருவி வேண்டும். சில மென்பொருள்களில் அது கூடவே வரும். சிலவற்றில் அதற்குத் தனி விலை. காசுப் பேச்சு இங்கேதான் தொடங்குகிறது.

விற்பவர்களும் சும்மா கொடுப்பவர்களும்

காசு கொடுத்து வாங்கும் ஜிஐஎஸ் என்றதும் முதலில் வரும் பெயர் எஸ்ரி. ஜாக் டேஞ்சர்மண்ட், லாரா டேஞ்சர்மண்ட் தம்பதியர் 1969-இல் கலிஃபோர்னியாவின் ரெட்லண்ட்ஸில் தொடங்கிய நிறுவனம். ஆர்க்ஜிஐஎஸ் அவர்களுடையது. 1986-இல் வந்த மேப்இன்ஃபோ இன்னொன்று. அது 2007-இல் பிட்னி போவ்ஸ் கைக்குப் போய், இப்போது பிரிசைஸ்லி என்ற பெயரின் கீழ் இருக்கிறது. இலவசப் பக்கத்தில் கியூஜிஐஎஸ். கேரி ஷெர்மன் என்பவர் 2002-இல் தொடங்கியது, இன்று உலகம் முழுக்க ஆட்கள் சேர்ந்து வளர்க்கிறார்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் எதிலும் ஓடும், மூலநிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வேறு பல இருந்தாலும் புதிதாக வருகிறவருக்கு இந்தப் பெயர்கள் போதும்.

காசுக்குக் கிடைப்பது

பலரும் நினைப்பதுபோல "அழகான படம்" இல்லை. அழகான படம் இலவச மென்பொருளிலும் வரும். நான் பார்த்தவரை, காசு கொடுப்பது பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்பதற்காக.

ஜார்ஜ் டவுனை எடுத்துக்கொள்ளுங்கள். 2008-இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் வந்தது. பாரம்பரிய மையப் பகுதி 109.38 ஹெக்டேர், அதைச் சுற்றி இடைப்பகுதி 150.04 ஹெக்டேர். ஒரு கடைவீடு இந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் விழுகிறது என்பது அதன் சொந்தக்காரருக்குச் சாதாரண விஷயம் இல்லை. எதை இடிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதே அதைப் பொறுத்தது. அப்படிப்பட்ட ஒரு கோட்டை வரைந்து கொடுக்கும் அலுவலகத்தில் திங்கட்கிழமை காலை மென்பொருள் திறக்காமல் போனால், தொலைபேசியை எடுத்து யாரிடமாவது கத்த வேண்டும். விற்பவருடன் ஒப்பந்தம் இருக்கும், ஆதரவுக்கென்று ஆள் இருப்பார், எத்தனை நாளில் சரிசெய்வோம் என்ற பேச்சு இருக்கும். கியூஜிஐஎஸ்ஸுக்கும் காசு வாங்கிக்கொண்டு ஆதரவு தரும் நிறுவனங்கள் உண்டு, ஆனால் மேலதிகாரியைச் சம்மதிக்க வைக்க பெரிய பெயர் ஒன்று ரசீதில் இருப்பது உதவுகிறது. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. அலுவலகங்கள் அப்படித்தான் ஓடுகின்றன.

அடுத்தது, எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தும். தெருவில் நிற்பவர் கைப்பேசியில் ஒரு புள்ளியைக் குறிக்கிறார், அலுவலகத்தில் இருப்பவரின் திரையில் அது வந்து விழுகிறது, மேலே இருப்பவர் டேஷ்போர்டு எனப்படும் இணையப் பலகையில் எண்ணிக்கை ஏறுவதைப் பார்க்கிறார். மூன்றும் ஒரே கடைச் சரக்கு என்பதால் நடுவில் யாரும் ஒட்டுப்போட வேண்டாம். கோவிட் நேரத்தில் நாம் எல்லோரும் பார்த்த சிவப்பு வட்டங்கள் நிறைந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பலகை நினைவிருக்கும். 2020 ஜனவரி 22-இல் பொதுமக்களுக்கு வந்த அது எஸ்ரி கருவிகளால் கட்டப்பட்டதுதான். நோய் இன்னும் ஊர் ஊராகப் பரவி முடிவதற்குள் பலகை தயாராகிவிட்டது. அந்த வேகத்துக்குத் தயாராக இருக்கும் பாகங்கள் வேண்டும்.

தண்ணீர்க் குழாய், மின்கம்பி, எரிவாயு போன்ற வலையமைப்பு வேலைகளிலும் வணிக மென்பொருளின் கை ஓங்கியிருக்கிறது. ஒரு வால்வை மூடினால் எந்தெந்தத் தெருவுக்குத் தண்ணீர் நிற்கும் என்று கண்டுபிடிப்பதற்கென்றே செய்து வைத்த கருவிகள் அதில் உண்டு. இலவச மென்பொருளிலும் முடியும், ஆனால் நாமே கொஞ்சம் தச்சு வேலை பார்க்க வேண்டியிருக்கும்.

பாடப் பொருளும் நிறைய. கையேடு, பயிற்சி வகுப்பு, சான்றிதழ் எல்லாம் ஒழுங்காக இருக்கும். வேலைக்கு ஆள் கேட்கும் விளம்பரங்களில் ஆர்க்ஜிஐஎஸ் என்ற சொல் வருவதால், அண்ணன் மகளிடம் "பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் அது இருந்தால் விடாதே, உட்கார்ந்து கற்றுக்கொள்" என்றேன்.

காசு கொடுத்தாலும் வராத ஒன்று

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில், ஒரு பழைய கணக்கெடுப்பிலிருந்து ஜார்ஜ் டவுன் கரையோரக் கட்டடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகைப் பட்டியல் கையில் கிடைத்தது. உள்ளே ஏற்றினேன். நல்ல விலை கொடுத்து வாங்கிய மென்பொருள்தான். கரையோரத் தெருவான வெல்ட் குவே ஓரமாக இருக்க வேண்டிய கட்டடங்கள் நூறு மீட்டருக்கு மேல் கிழக்கே நகர்ந்து கடலுக்குள் போய் வரிசையாக நின்றன. அங்கே கடலுக்குமேல் கால் ஊன்றி நிற்கும் படகுத்துறை வீடுகளே பொறாமைப்படும் தூரம்.

காரணம் எளிது. அட்சரேகை, தீர்க்கரேகையை எதை வைத்து எண்ணுவது என்பதற்கு ஓர் அடிப்படை வேண்டும், பழைய மலேசிய வரைபடங்கள் கெர்த்தாவ் 1948 என்ற அடிப்படையில் இருந்தன. பகாங்கில் இருக்கும் கெர்த்தாவ் என்ற இடத்தை மூலமாக வைத்த அளவை அது. 2003-இல் நாடு ஜிடிஎம்2000 என்ற புதிய அடிப்படைக்கு மாறியது. அது ஜிபிஎஸ்ஸோடு பொருந்தக்கூடியது. இரண்டிலும் பூமியின் வடிவத்துக்கு எடுத்துக்கொண்ட அளவே வேறு. அதனால் ஒரே எண்ணை இரண்டு அடிப்படையில் வைத்தால் இரண்டு இடம் காட்டும். என் பட்டியலில் எந்த அடிப்படை என்று எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. நான் புதியது என்று சொன்னேன், மென்பொருள் சரி என்று தலையாட்டியது.

ஒரு சின்னக் கிளைக்கதை. கெர்த்தாவ் அடிப்படைக்கு எடுத்துக்கொண்ட பூமி வடிவம் எவரெஸ்ட் என்பவரின் கணக்கிலிருந்து வந்தது. சிகரத்துக்குப் பெயர் கொடுத்த அதே எவரெஸ்ட். அந்தக் கணக்குக்குப் பின்னால் இருந்த இந்திய முக்கோண அளவை 1802-இல் சென்னைப் பரங்கிமலைக்குப் பக்கத்தில் சங்கிலி போட்டு அளந்து தொடங்கியது. பினாங்கின் பழைய வரைபடத்துக்கு அடியில் பரங்கிமலை இருக்கிறது என்று சொன்னால் அண்ணன் மகள் நம்பவே இல்லை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நில மனை வரைபடங்களுக்கு இங்கே மாநிலத்துக்கு மாநிலம், சில இடங்களில் இரண்டு மாநிலத்துக்குச் சேர்த்து, தனிக் கட்டமுறை இருக்கிறது, அதாவது ஒரு தொடக்கப் புள்ளியிலிருந்து தூரத்தை எண்ணும் முறை. பினாங்குக் கட்டத்தின் தொடக்கப் புள்ளி நம் கார்ன்வாலிஸ் கோட்டைதான். கெடாவுக்கு வேறு, பேராக்குக்கு வேறு. பட்டர்வொர்த்தைத் தாண்டி எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு மனையைச் சேர்க்கும்போது இதை மறந்தால் மனை எங்கேயோ பறந்துவிடும். ஆர்க்ஜிஐஎஸ், கியூஜிஐஎஸ் இரண்டிலும் இந்தக் கட்டமுறைகள் எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது என்ற அறிவை மட்டும் எந்தக் கடையிலும் விற்பதில்லை.

பையை அரிப்பவை

விலையைச் சொல்லாமல் முடியாது. ஆனால் விலை அதிகம் என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். விலை டாலரோடு கட்டிப்போடப்பட்டிருப்பதுதான் நமக்கு வலிக்கும் இடம். ரிங்கிட் 3.80-இல் கட்டப்பட்டிருந்த காலத்தில், பேச்சுக்கு 1,000 டாலர் லைசென்ஸ் ஒன்று 3,800 ரிங்கிட். 2024 பிப்ரவரியில் ரிங்கிட் 4.80-ஐ ஒட்டிப் போனபோது அதே லைசென்ஸ் ஏறக்குறைய 4,800. மென்பொருளில் ஒரு பொத்தான்கூடக் கூடவில்லை, நம் கையிலிருந்து போவது மட்டும் ஆயிரம் கூடிவிட்டது. முன்பு ஒருமுறை வாங்கி வைத்துப் பல வருஷம் ஓட்டலாம். இப்போது பெரும்பாலும் ஆண்டுச் சந்தா.

அப்புறம் அடுக்குகள். அடிப்படை ஒரு விலை, அதற்கு மேல் ஒன்று, எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று. தெருவழித் தூரம் கணக்கிடும் கருவி, உயரத் தரவை அலசும் கருவி என்று பல வேலைகள் நெடுங்காலமாகத் தனி நீட்சிகளாக விற்கப்பட்டு வந்தன. மெனுவில் பொத்தான் இருக்கும், அழுத்தினால் "இதற்கு உங்களிடம் அனுமதி இல்லை" என்று வரும். பசியோடு போனவனுக்குக் கண்ணாடிக்குப் பின்னால் கோழி வறுவலைக் காட்டுவதுபோல.

சந்தா என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவில். நான் முன்பு இருந்த ஓர் அலுவலகம். மறுநாள் காலை ஒப்படைக்க வேண்டிய வரைபடங்கள் பதினொன்று, அதில் ஒன்பது முடிந்திருந்தது. மணி பன்னிரண்டைத் தாண்டியதும் ஒரு சின்னப் பெட்டி வந்தது: லைசென்ஸ் காலாவதி. புதுப்பிக்கும் தாள் கணக்குப் பிரிவில் யாரோ ஒருவரின் மேசையில் கையெழுத்துக்காகத் தூங்கிக்கொண்டிருந்தது. மென்பொருள்மேல் பழி சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நாங்களே வரைந்த வரைபடம், நாங்களே நடந்து சேகரித்த புள்ளிகள், எங்கள் கணினியிலேயே இருக்கின்றன, திறக்க முடியவில்லை. புள்ளிகள் இருந்த கோப்புகளை கியூஜிஐஎஸ்ஸில் திறந்துவிட்டோம். நிறம், எழுத்து, குறியீடு, அச்சுத்தாள் அமைப்பு எல்லாம் இருந்த திட்டக் கோப்பு அங்கே திறக்கவில்லை. மிச்சம் இரண்டு வரைபடத்தை ஆரம்பத்திலிருந்து வரைந்து முடிக்க விடிந்துவிட்டது.

தரவு வேறு, அதைப் போட்டு வைத்திருக்கும் பெட்டி வேறு என்பது அன்று பிடிபட்டது. புதிதாக வருகிறவர்கள் இதை முதல் நாளே தெரிந்துகொண்டால் நல்லது. எஸ்ரியின் ஃபைல் ஜியோடேட்டாபேஸ் என்ற பெட்டி 2006-இல் வந்தது, அதன் உள்ளமைப்பை அவர்கள் முழுசாக வெளியிடவில்லை. வெளியே இருந்தவர்கள் பைட் பைட்டாகப் பார்த்துப் புரிந்துகொண்டு, கடைசியில் திறக்கவும் எழுதவும் வழி செய்தார்கள். அதே நிறுவனம் 1998-இல் ஷேப்ஃபைல் என்ற தன் இன்னொரு கோப்பு வடிவத்தின் உள்ளமைப்பை எல்லோருக்கும் வெளியிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதனால்தான் இன்றைக்கும் அரசு அலுவலகத்திலிருந்து மாணவர்வரை எல்லோரும் அதில் கொடுத்து வாங்குகிறார்கள்.

ஆனால் ஷேப்ஃபைல் தமிழருக்கென்றே ஒரு சின்ன இம்சையை வைத்திருக்கிறது. அதன் அட்டவணையில் ஒரு பத்தியின் பெயர் 10 பைட்டுக்கு மேல் போகக்கூடாது. ஆங்கில எழுத்தென்றால் பத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் நம் எழுத்தும் குறியும் ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும். "கோயில்" என்று பெயர் வைத்தால் 18 பைட், வெட்டினால் "கோய" என்று நிற்கும். "பெயர்" என்று வைத்தால் "பெய". மழை பெய்யச் சொல்வதுபோல. "ஊர்" மட்டும் 9 பைட்டில் தப்பித்துக்கொள்ளும். அதோடு, எழுத்துமுறை என்ன என்று சொல்லும் சின்னத் துணைக் கோப்பு கூடப் போகாவிட்டால் பந்தல் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறியாகவோ கிறுக்கலாகவோ வந்து நிற்கும். இது இலவச மென்பொருளிலும் அப்படித்தான். குறை பெட்டியில்.

விற்பவர் பாதையை மாற்றினால் நாமும் மாற வேண்டும் என்பது இன்னொன்று. ஒரு தலைமுறையே கற்றுக்கொண்ட, எஸ்ரியின் பழைய மென்பொருளான ஆர்க்மேப்புக்கு 2026 மார்ச் 1-ஓடு ஆதரவு முடிவு என்று அறிவித்துவிட்டார்கள். அதன் இடத்தில் 2015-இல் வந்த ஆர்க்ஜிஐஎஸ் புரோ நல்ல மென்பொருள்தான், ஆனால் விண்டோஸில் மட்டும் ஓடும், பழைய கணினியில் மூச்சு வாங்கும். அண்ணன் மகளின் மடிக்கணினி மேக். அந்தக் கதை அங்கேயே முடிந்தது. இணைய வரைபடத்திலும் இதே நிலைதான். 2018-இல் கூகுள் தன் வரைபடச் சேவையின் கட்டண முறையை மாற்றியபோது, தங்கள் தளத்தில் அதை வைத்திருந்த பலர் இரவோடு இரவாக, பொதுமக்களே சேர்ந்து வரையும் இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பக்கம் ஓடினார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாததும் ஒரு குறை. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கில் வந்த வெள்ளத்துக்குப் பிறகு, தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்று ஒரே உயரத் தரவை இரண்டு மென்பொருளில் ஓட்டிப் பார்த்தேன். கோடுகள் ஒத்துவரவில்லை. சின்னப் பள்ளங்களை நிரப்பிவிட்டுக் கணக்குப் போடுவதா, விட்டுவிடுவதா என்பதில் இரண்டும் வேறு வழி போயிருந்தன. திறந்த நிரலில் அதைத் தேடிப் படித்துத் தெரிந்துகொள்ள முடிந்தது. மற்றதில் கையேடு சொன்னதை நம்பினேன். பெரும்பாலும் கையேடு சரியாகத்தான் இருக்கும், தினமும் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஒருவர் வீட்டுக்குள் தண்ணீர் வருமா என்று எழுதிக் கொடுக்கும்போது மட்டும் கவலைப்பட வேண்டும்.

அண்ணன் மகளுக்குச் சொன்னது

பந்தல் வேலைக்கு கியூஜிஐஎஸ் போதும். தெருவழித் தூரம் பார்க்கும் கருவி அதில் கூடவே வருகிறது. தெருக்களுக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவு இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் வாரம் ஒருமுறை அதே வேலையை ஆர்க்ஜிஐஎஸ்ஸில் செய்து பார், நாளைக்கு வேலை கேட்டுப் போகும்போது கைகொடுக்கும். தரவை ஜியோபேக்கேஜ் என்ற கோப்பு வடிவத்தில் வை. 2014-இல் பொதுத் தரமாக வந்தது, ஒரே கோப்பு, இரண்டு மென்பொருளும் திறக்கும், பத்திப் பெயருக்கு 10 பைட் கட்டுப்பாடு இல்லை. அலுவலகம் வைத்து, பத்துப் பேரை வேலைக்கு வைத்து, மாநகர் மன்றத்துக்கு வரைபடம் கொடுக்கும் நிலை வந்தால் அப்போது காசு கட்டி வாங்கு, தயங்காதே.

அன்றே உட்கார்ந்து நினைவிலிருந்து ஏழெட்டுப் பந்தல்களைக் குறித்தாள். அட்டவணையில் பத்திக்கு "பந்தல் போடுபவர்கள்" என்று முழுசாகத் தட்டினாள், வெட்டாமல் நின்றது. அப்புறம் திரையைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தாள். ஜாலான் கெபுன் பூங்காவில் அவள் குறித்த மோர்ப் பந்தல் நடுத்தெருவில், ரதம் வரும் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது.

"சனிக்கிழமை போய் அந்த இடத்தில் நின்று பார்த்துவிட்டு வருகிறேன் சித்தப்பா, மோட்டார் கொடுங்கள்" என்றாள்.